தண்ணி கொதிக்கல, ஐஸ் சுருங்குது, சிலிண்டர் வேர்க்குது: எங்க சிக்கல்னு பிடிக்கிற வழி

கொஞ்ச வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல உதவியாளா இருந்தேன், அதனால "சார் இது வேலை செய்யல"ன்னு யாராச்சும் பீக்கரைத் தூக்கிட்டு ஓடி வர்றது எனக்குப் பழகிப்போச்சு. அதுல பாதிக்கு மேல ஒரே கதைதான், ஏதோ ஒரு திடப்பொருளோ திரவமோ கேஸா மாறணும், மாற மாட்டேங்குது, இல்லைன்னா மாறக்கூடாத நேரத்துல மாறிடுச்சு. எல்லாரும் முதல்ல தெர்மாமீட்டரைத்தான் பாப்பாங்க. அதை ரெண்டாவதா பாருங்க. முதல்ல அந்தப் பொருள் மேல என்ன உக்காந்து அமுக்கிட்டு இருக்கு, கிளம்புற ஆவிக்குப் போக எடம் இருக்கா, இதைப் பாருங்க. கீழ வர்ற ஒவ்வொரு புகார்லயும் கடைசில அங்கதான் வந்து நிப்போம்.

ஒரே ஒரு அடிப்படை, அப்புறம் நேரா ரிப்பேருக்குப் போயிடலாம். திரவத்துல மாலிக்யூல் எல்லாம் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுட்டு இருக்கும், ஆனா எல்லாம் ஒரே வேகத்துல ஓடாது. மேற்பரப்புல இருக்கிற வேகமான ஆளு பிடியை உதறிட்டு காத்துக்குள்ள போயிடுச்சுன்னா அது ஆவியாதல், எந்த டெம்பரேச்சர்லயும் நடக்கும். மேல மட்டும் இல்லாம உள்ளுக்குள்ளயே ஆவி குமிழா திரண்டு, வெளிய அமுக்கற பிரஷருக்கு ஈடு குடுத்து நசுங்காம நின்னா அதுதான் கொதிக்கிறது. திடப்பொருள் நடுவுல திரவமே ஆகாம நேரா கேஸா போனா பதங்கமாதல். இந்த மூணையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுலேர்ந்துதான் பாதி புகார் வருது.

அறிகுறி: ஸ்டவ்வை ஃபுல்லா வச்சாலும் தெர்மாமீட்டர் 100க்கு மேல ஏறல

தெர்மாமீட்டர் நல்லாத்தான் இருக்கு, தூக்கிப் போட்றாதீங்க. தண்ணி 100ஐத் தொட்ட பிறகு நீங்க குடுக்கிற சூடு முழுக்க மாலிக்யூலோட பிடியை விடுவிக்கிறதுக்கே செலவாயிடும், டெம்பரேச்சரை ஏத்த ஒண்ணும் மிஞ்சாது. எவ்வளவு செலவுன்னு கணக்குப் போட்டா கொஞ்சம் அதிர்ச்சியாவே இருக்கும். 1 கிலோ தண்ணியை 20 டிகிரிலேர்ந்து 100க்கு கொண்டுபோக சுமார் 335 கிலோஜூல் போதும், அதே 1 கிலோவை 100ல நிக்க வச்சே முழுசா ஆவியாக்க 2257 கிலோஜூல் வேணும், அதாவது கிட்டத்தட்ட ஏழு மடங்கு. கொதி வர 10 நிமிஷம் ஆச்சுன்னா, அதே தீயில பாத்திரம் வத்த இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். சூடு போகுது, ஆனா தெர்மாமீட்டர்ல தெரியல, அதனாலதான் இதுக்கு உள்ளுறை வெப்பம்னு பேரு. 1760கள்ல ஜோசப் பிளாக்னு ஒரு ஸ்காட்லாந்து விஞ்ஞானி இதை அளந்து சொல்ற வரைக்கும் சூடும் டெம்பரேச்சரும் ஒண்ணுதான்னு பெரும்பாலானவங்க நினைச்சுட்டு இருந்தாங்க, அதனால நீங்க குழம்புனதுல ஒண்ணும் வெக்கப்பட வேண்டாம்.

சரி என்ன செய்யலாம். தளதளன்னு கொதிக்கிற தண்ணியும் மெதுவா கொதிக்கிற தண்ணியும் ஒரே 100தான், அதனால உள்ள எதையாச்சும் வேக வைக்கிறீங்கன்னா தீயைக் குறைச்சுடுங்க, வேகுற நேரம் மாறாது, கேஸ் மிச்சம். தண்ணியை வத்த வைக்கிறதுதான் வேலைன்னா மட்டும் தீயை ஏத்துங்க, கூடவே மூடியை எடுத்துட்டு அகலமான பாத்திரத்துக்கு மாத்துங்க. 100க்கு மேல போயே ஆகணும்னா அதுக்கு தீ வழி கிடையாது, பிரஷர்தான் வழி.

98லயோ 101லயோ நிக்குதா? தெர்மாமீட்டரோட குமிழ் பாத்திரத்து அடியைத் தொடக்கூடாது, அதை முதல்ல பாருங்க. அப்புறம் நொறுக்குன ஐஸும் தண்ணியும் கலந்த டம்ளர்ல விட்டு 0 காட்டுதான்னு பாருங்க. உப்பு போட்டிருந்தா கொதிநிலை கொஞ்சம் ஏறும், ஆனா 1 கிலோ தண்ணிக்கு 58 கிராம் உப்பு போட்டாத்தான் ஏறக்குறைய 1 டிகிரி ஏறுது, ஒரு சிட்டிகை போட்டுட்டு தண்ணி சூடா கொதிக்குதுன்னு சொல்றதெல்லாம் மனசுக்கு ஆறுதல்.

அறிகுறி: 90 டிகிரிலயே கொதிச்சுடுது, வேக வேண்டியது வேகல

நீங்க உயரத்துல இருக்கீங்க. கடல் மட்டத்துல காத்து அமுக்கற அளவுக்குத்தான் 100, மேல போகப் போக தலைக்கு மேல இருக்கிற காத்து குறையும், குமிழ் ஈடு குடுக்க வேண்டிய பிரஷரும் குறையும், அதனால சீக்கிரமே கொதிச்சுடும். தோராயமா 300 மீட்டருக்கு 1 டிகிரின்னு வச்சுக்கோங்க, 3000 மீட்டர்ல 90, எவரெஸ்ட் உச்சில சுமார் 70. அங்க தண்ணி பாக்க தளதளன்னு கொதிக்கும், சூடு மட்டும் பத்தாது. இதுக்கு பிரஷர் குக்கர்தான் வைத்தியம், அது ஆவியை வெளிய விடாம பிடிச்சு வச்சு தன் தலைல தானே பாரம் ஏத்திக்குது, வெளிக்காத்தை விட இன்னொரு மடங்கு பிரஷர் ஏறினா உள்ள 120 டிகிரி வரைக்கும் போகும்.

நம்பிக்கை வரலைன்னா ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சுல 60 டிகிரி போல சூடா இருக்கிற தண்ணியை கால்வாசி இழுத்துட்டு, காத்துக் குமிழ் இல்லாம வெளியேத்திட்டு, முனையை விரலால அடைச்சு பிஸ்டனைப் பின்னாடி இழுங்க. தண்ணி உள்ள குபுகுபுன்னு கொதிக்கும். பிஸ்டனை விட்டா உடனே அடங்கிடும். அடுப்பே கிடையாது, மேல அமுக்கினதை எடுத்தோம் அவ்ளோதான். லேப்ல நான் பத்து நிமிஷம் வாயால சொல்லி புரியாத பசங்க இதை ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு தலையாட்டுவாங்க.

அறிகுறி: 60 டிகிரிதான் ஆகுது, அதுக்குள்ள குமிழ் வருது

அது கொதியே இல்ல. பாத்திரத்து ஓரத்துல முத்து முத்தா ஒட்டிட்டு இருக்கிற குமிழ் எல்லாம் தண்ணில கரைஞ்சிருந்த காத்து, சூடானா தண்ணியால அதைப் பிடிச்சு வைக்க முடியாது, விட்டுடும். இன்னும் சூடானதும் அடியில நிஜ நீராவிக் குமிழ் பிறந்து, மேல வர்ற வழில குளுந்த தண்ணில மாட்டி நசுங்கிடும், கெட்டில் "உஸ்ஸ்"னு பாடுறது அந்த நசுங்குற சத்தம். சத்தம் குறைஞ்சு, குமிழ் உடையாம மேல வரைக்கும் வந்து வெடிச்சா அதுதான் கொதி. காதை வச்சே சொல்லிடலாம்.

அறிகுறி: நல்லா சூடாக்கியாச்சு, ஆனா ஒரு குமிழ் கூட வரல, தண்ணி அசையாம இருக்கு

கையை எடுங்க. இது மேல சொன்னதுக்கு நேர் எதிர், இதுதான் ஆளைச் சுடுறது. ஆவிக் குமிழ் பிறக்கணும்னா அதுக்கு ஒரு ஆரம்பப் புள்ளி வேணும், ஒரு கீறல், தூசி, மாட்டிக்கிட்ட காத்துத் துளி, ஏதாச்சும். ரொம்ப சின்ன குமிழை திரவத்தோட பரப்பு இழுவிசையே நசுக்கிப் போட்டுடும். புதுசா, வழுவழுன்னு இருக்கிற கண்ணாடி கப்புல சுத்தமான தண்ணியை மைக்ரோவேவ்ல வச்சா 100ஐத் தாண்டியும் கொதிக்காம சாது மாதிரி உக்காந்திருக்கும், அப்புறம் நீங்க ஸ்பூனை விட்டதும் ஸ்பூன் கூட போற காத்துல இருந்து ஒரே நொடில மொத்தமா பொங்கும்.

நானே மாட்டியிருக்கேன். சூடாகலைன்னு நினைச்சு ரெண்டாவது தடவை வச்சேன், அதான் நான் பண்ணின தப்பு, முதல் தடவையே அதுல கரைஞ்ச காத்தெல்லாம் போயிடுச்சு, ரெண்டாவது தடவை குமிழ் பிறக்கவே வழி இல்ல. வெளிய எடுத்து ஸ்பூனை விட்டேன், பாதி தண்ணி செவுத்துல, மீதி என் மணிக்கட்டுல.

உங்களுக்கு இப்படி ஆயிருந்தா ஒரு நிமிஷம் கப்பைத் தொடாம உள்ளயே விடுங்க, சூடு இறங்கட்டும். அடுத்த தடவை வைக்கும்போதே மரக்குச்சி ஒண்ணைப் போட்டு வைங்க. லேப்ல இதுக்குன்னே சொரசொரப்பான சின்னக் கல் போடுவோம், ஆனா அதையும் குளுந்த திரவத்துலதான் போடணும், மறந்துட்டோமேன்னு சூடான ஃபிளாஸ்க்ல போட்டீங்கன்னா ஸ்பூன் கதையேதான். அதே ஃபிளாஸ்க்கை ஆறவச்சு திரும்ப கொதிக்க வச்சா பழைய கல்லை நம்பாதீங்க, அதோட ஓட்டை எல்லாம் திரவம் நிரம்பியிருக்கும், புதுசு போடுங்க.

அறிகுறி: சிலிண்டர்ல கேஸ் இருக்கு, ஆனா தீ சிறுத்துப்போச்சு, வெளிய ஐஸ் மாதிரி படிஞ்சிருக்கு

இதுக்கு ரெகுலேட்டரைத் திட்டுறவங்க நிறைய, நானும் திட்டியிருக்கேன். சிலிண்டருக்குள்ள இருக்கிறது கேஸ் இல்ல, பெரும்பாலும் திரவம், ப்ரொபேனும் பியூட்டேனும் கலந்தது, மேல கொஞ்சம் எடத்துல மட்டும் ஆவி. நீங்க பர்னரைத் திறந்தா மேல இருக்கிற ஆவி போகும், பிரஷர் இறங்கும், உடனே கீழ திரவம் கொதிச்சு அந்த எடத்தை நிரப்பும். அந்தக் கொதிக்கு சூடு வேணுமே, யார் குடுப்பா? அடுப்பு எரியறது வெளிய, சிலிண்டருக்கு அடியில இல்ல. அதனால திரவம் தன்கிட்ட இருக்கிற சூட்டையே எடுத்துக்கும், அப்புறம் இரும்புகிட்ட, அப்புறம் சுத்தி இருக்கிற காத்துகிட்ட. 1 கிலோ ப்ரொபேன் ஆவியாக சுமார் 400 கிலோஜூல் போகுது. சின்ன சிலிண்டர்ல பெரிய பர்னரைப் போட்டு ஒரேயடியா எரிச்சா காத்துலேர்ந்து வர்ற சூடு ஈடு குடுக்காது, திரவம் குளுந்துக்கிட்டே போகும், காத்துல இருக்கிற ஈரம் வெளிப்பக்கம் வேர்த்து அப்புறம் வெள்ளையா உறையும்.

இங்கதான் ப்ரொபேனுக்கும் பியூட்டேனுக்கும் உள்ள வித்தியாசம் கடிக்கும். ப்ரொபேன் கொதிக்கிறது மைனஸ் 42 டிகிரில, அதனால குளிர்லயும் முட்டிக்கிட்டு வெளிய வரும். பியூட்டேன் கொதிக்கிறது மைனஸ் 0.5ல, அதாவது திரவம் 0 பக்கம் இறங்கிட்டா அதோட பிரஷரும் வெளிக்காத்தோட பிரஷரும் ஒண்ணாயிடும், தள்ளிவிட ஆளே இல்ல. உள்ள ஆட்டிப் பாத்தா சலசலன்னு திரவம் இருக்கும், தீ மட்டும் வராது. குளிர்ல சிகரெட் லைட்டர் பத்தாததும் இதே காரணம், உள்ளங்கைல ரெண்டு நிமிஷம் பொத்தி வச்சிருந்து பத்த வைங்க, பத்திக்கும்.

சிலிண்டருக்கு, தீயை அணைச்சுட்டு கொஞ்ச நேரம் விடுங்க, காத்தே அதை சூடாக்கிடும். அவசரம்னா சாதாரண தண்ணியை வெளிப்பக்கம் ஊத்தலாம். கொதிக்கிற தண்ணி, தீ, ஹீட்டர் எதையும் பக்கத்துல கொண்டு போகாதீங்க. படுக்க வைக்கிறதும் கூடாது, ஆவி வர வேண்டிய வாய்ல திரவம் வரும், அந்தத் திரவம் வெளிய வந்து கேஸானா 250 மடங்கு பக்கம் விரியும், பர்னர்ல வர்ற தீ அப்புறம் தீ மாதிரி இருக்காது. ஆனா ஒண்ணு, அடுப்பு எரியாதப்பவே ஐஸ் படியுது, வாசனையும் வருதுன்னா இது குளிர் பிரச்னை இல்ல, லீக். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், எல்லாரும் வெளிய வந்துட்டு ஆளைக் கூப்பிடுங்க.

கொசுறு ஒண்ணு: எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியலையா, வெதுவெதுன்னு தண்ணியை ஒரு பக்கமா மேலேர்ந்து ஊத்திட்டு கையால தடவிக்கிட்டே கீழ வாங்க, எந்த எடத்துல சட்டுனு சில்லுன்னு படுதோ அதுதான் திரவம் நிக்கிற மட்டம்.

அறிகுறி: வெயில் சூடு நல்லா இருக்கு, துணி மட்டும் காயல

காத்துல எடம் இல்ல. 30 டிகிரில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 30 கிராம் நீராவிதான் தாங்கும், ஈரப்பதம் 95 சதவீதம்னா மிச்சம் எடம் ஒண்ணரை கிராம். துணிலேர்ந்து கிளம்புற மாலிக்யூல் அளவுக்கே காத்துலேர்ந்து திரும்பி வந்து ஒட்டிக்கும். சூட்டைக் கூட்டுறதை விட அந்த ஈரக்காத்தை நகத்துறதுதான் வேலை செய்யும், ஃபேன், எதிரெதிர் ஜன்னல், துணிக்கு துணி இடைவெளி. மூடின ரூம்ல ஃபேன் மட்டும் போட்டா அதே காத்துதான் சுத்தும். வேர்த்த உடம்பு புழுக்கத்துல குளுராததும், சானிடைசர் போட்ட கை உடனே சில்லுன்னு ஆகறதும் இதே கணக்குதான், வேகமான மாலிக்யூல் கிளம்பிப் போனா மிச்சம் இருக்கிறது மெதுவானதுங்க, அதான் குளிர். போகவே விடலைன்னா குளிரும் கிடையாது.

அறிகுறி: ஃப்ரீசர்ல வச்ச ஐஸ் கட்டி சிறுசாயிடுச்சு, ஆனா உருகவே இல்ல

யாரும் எடுக்கல. மைனஸ் 18லயும் ஐஸோட மேற்பரப்புலேர்ந்து ஒண்ணு ரெண்டு மாலிக்யூல் கிளம்பிக்கிட்டேதான் இருக்கும், ஐஸ் சேராம காத்தைக் காய வைக்கிற வகை ஃப்ரீசர்னா இன்னும் வேகம். மூடியுள்ள டப்பால வைங்க, கிளம்புற ஆவி உள்ளயே நிறைஞ்சு திரும்ப ஒட்டிக்கும். அலமாரில வச்ச நாப்தலீன் உருண்டை நாலு மாசத்துல காணாம போறதும் இதேதான், அதோட உருகுநிலை 80 டிகிரி, எந்த அலமாரியும் அவ்ளோ சூடாகாது, நேரா கேஸாத்தான் போகுது. அந்த வாசனைதான் அது. அலமாரி திறந்திருந்தா உருண்டை சீக்கிரம் தீரும், பூச்சியும் சாகாது.

அறிகுறி: ட்ரை ஐஸ் ஈரமே ஆகல, புகை மட்டும் வருது, பாட்டில் உப்பிக்கிட்டே போகுது

பாட்டில் உப்புதுன்னா படிக்கிறதை நிறுத்திட்டு எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க, திறந்து பாக்க கிட்ட போகாதீங்க. ட்ரை ஐஸ்னா மைனஸ் 78.5 டிகிரில உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, அது 1 கிலோ கேஸானா 500 லிட்டருக்கு மேல. 1 லிட்டர் பாட்டில்ல 100 கிராம் போட்டு மூடினா 50 லிட்டர் கேஸை அதுக்குள்ள திணிச்ச மாதிரி, எந்த மூடியும் நிக்காது. கூலர் பாக்ஸையும் இறுக்கி மூடாதீங்க. மூடின கார்ல கொண்டு போகாதீங்க, அந்தக் கேஸ் காத்தை விட ஒண்ணரை மடங்கு கனம், கீழயே தேங்கும், மூச்சு முட்டும். வெறுங்கையால தொடவும் வேண்டாம்.

ஏன் ஈரம் ஆகலன்னா, கார்பன் டை ஆக்சைடு திரவமா நிக்கணும்னா குறைஞ்சது 5.1 மடங்கு வளிமண்டல பிரஷர் மேல அமுக்கணும். நம்ம காத்து ஒரு மடங்குதான். அதனால திரவமாகிற ஸ்டேஷன்ல வண்டி நிக்கவே நிக்காது. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானுக்குள்ள அதே பொருள் திரவமாத்தான் இருக்கு, ஏன்னா அங்க அமுக்கம் இருக்கு.

அப்புறம் அந்த வெள்ளைப் புகை கார்பன் டை ஆக்சைடு இல்ல, அதுக்கு நிறம் கிடையாது. குளுந்துபோன காத்துல இருந்த ஈரம் துளித்துளியா திரண்டது. கெட்டில் வாயை உத்துப் பாருங்க, முனைக்கும் வெள்ளைக்கும் நடுவுல ஒரு விரல் அளவு ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், அந்த ஒண்ணுமில்லாத எடத்துலதான் நிஜ நீராவி இருக்கு. வெள்ளையா தெரியறது ஏற்கனவே தண்ணியா திரும்பிடுச்சு. விரலை வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, ஆவியாகும்போது கிலோவுக்கு வாங்கின அந்த 2257 கிலோஜூலையும் தோல்ல தண்ணியாகும்போது திருப்பிக் குடுத்துடும்.

அறிகுறி: அயோடின் பதங்கமாகும்னு புக்ல இருக்கு, எனக்கு உருகிடுச்சு

உங்க மேல தப்பு இல்ல, அப்படி எழுதின புக்கு மேலதான். அயோடின் 113.7 டிகிரில உருகும், 184ல கொதிக்கும், ரெண்டும் சாதாரண பிரஷர்லயே. உருகறதுக்கு முன்னாடியே நிறைய ஆவி விடுறதால ஊதா நிறம் பரவிடும், அடியில கறுப்பா இருக்கிற துளி கண்ணுக்குப் படாது, அதனால உருகவே இல்லன்னு எழுதிட்டாங்க. மெதுவா, தண்ணித் தொட்டில வச்சு சூடாக்குங்க, 100ஐத் தாண்டாது, உருகாம பதங்கமாகும். காத்தோட்டமான எடத்துல செய்ங்க, ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

அறிகுறி: தவா நல்லா காஞ்சிருக்கு, தண்ணித் துளி ஆவியாகாம உருண்டு ஓடுது

ரொம்ப சூடாயிடுச்சு. 200 டிகிரி பக்கம் தாண்டினா துளியோட அடிப்பக்கம் உடனே ஆவியாகி ஒரு மெத்தை மாதிரி துளியைத் தூக்கிடும், ஆவி சூட்டை நல்லா கடத்தாது, அதனால 150 டிகிரி தவால சட்டுனு போற துளி இங்க ஒரு நிமிஷம் கூட நின்னு ஆடும். லைடன்ஃப்ராஸ்ட்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இதை 1756லயே எழுதி வச்சுட்டார். துளி சீக்கிரம் போகணும்னா சூட்டைக் குறைங்க, கேக்க கிறுக்குத்தனமாத்தான் இருக்கும்.

அறிகுறி: பழைய குண்டு பல்போட உள்பக்கம் கறுப்பா படிஞ்சிருக்கு

டங்ஸ்டன், பல்போட இழை இதுலதான் இருக்கு. 3422 டிகிரில உருகற உலோகம், பல்புக்குள்ள அந்த அளவுக்குப் போறதே இல்ல, இருந்தாலும் நாப்தலீன் உருண்டை மாதிரி உருகாமலே அணு அணுவா கிளம்பி குளுந்த கண்ணாடில போய் உக்காந்துக்கும். முதல்ல பல்புக்குள்ள வெற்றிடம்தான் வச்சிருந்தாங்க, அமுக்க ஒண்ணுமே இல்ல, கிளம்புனது நேரா கண்ணாடிக்குத்தான். 1913ல இர்விங் லாங்முயர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி உள்ள கேஸை அடைச்சுப் பாத்தார், முதல்ல நைட்ரஜன், பின்னாடி ஆர்கானும் வந்துச்சு, கிளம்புற டங்ஸ்டன் அணு கேஸ்ல முட்டி பாதி இழைக்கே திரும்பி வந்துடும், பல்பு ரொம்ப நாள் எரியும். உங்க பல்பு கறுத்துட்டா இழை ஏற்கனவே மெலிஞ்சாச்சு, மெலிஞ்ச எடம் இன்னும் சூடாகி இன்னும் வேகமா போகும். தொடைச்சா போகாது, கறை உள்பக்கம். மாத்திடுங்க.